"கர்த்தர்" என்று தேடினால் அப்பாவின் பிரசங்கங்கள் வரவில்லை: உதவி தேவை

உபதேசியார்_மகள்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

எங்க அப்பா தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் பக்கம் உபதேசியாரா இருந்து ஓய்வு பெற்றவங்க. ஞாயித்துக்கிழமை பிரசங்கத்தை நோட்டுல எழுதி, பிறகு பஜார்ல ஒரு டிடிபி கடையில குடுத்து அடிச்சு வெச்சுக்குவாங்க. 2004-லிருந்து அப்படிச் சேர்ந்த ஃபைல்கள். எல்லாம் பேஜ்மேக்கர், பாமினி எழுத்து (யூனிகோடு இல்லாத பழைய ஃபாண்ட்). போன லெந்து காலத்துல நான் அதை ஒவ்வொண்ணா ஆன்லைன் கன்வெர்ட்டர்ல போட்டு யூனிகோடாக்கி பிளாகர்ல ஏத்த ஆரம்பிச்சேன். இப்ப 186 பதிவு இருக்கு.

பிரச்சினை மூணு. என் வலைப்பூவிலேயே "கர்த்தர்"னு தேடினா மூணே மூணு பதிவு வருது. அந்த மூணும் நான் போன்ல நேரா அடிச்சது. கர்த்தர் இல்லாத பிரசங்கம் எங்க அப்பா பண்ணதே இல்ல!

ரெண்டாவது, பக்கவாட்டுல குறிச்சொல் வரிசையில "அப்போஸ்தலர்" ரெண்டு தடவை வருது, ஒண்ணுல 4, இன்னொண்ணுல 11. எழுத்துப்பிழை எதுவும் கண்ணுக்குத் தெரியல.

மூணாவதுதான் மனசுக்குக் கஷ்டமா இருக்கு. அப்பாவுக்குக் கண் பிரஷர், வாசிக்க முடியாது. போனை வாசிக்கவெச்சுக் கேட்பாங்க. அது கர்த்தரை "காத்தா"ங்குது. "யம்மா, யாரு இந்தக் காத்தா?"ன்னு கேக்காங்க. போனை மாத்தணுமா?

மெய்ஞானபுரம்_தம்பி:
அக்கா, ஃபாண்ட் பிரச்சினையா இருக்கும். டெம்ப்ளேட்ல வேற தமிழ் ஃபாண்ட் போட்டுப் பாருங்க, சரியாயிரும்.

உபதேசியார்_மகள்:
மாத்திப் பார்த்துட்டேன் தம்பி. பார்க்க அழகாயிடுச்சு, தேடினா அதே மூணுதான்.

பழைய_அச்சகம்:
போனை மாத்த வேண்டாம்மா. உங்க பதிவிலிருந்து "கர்த்தர்" என்ற சொல்லை காப்பி செய்து இங்கே ஒட்டுங்கள். அடிக்கக் கூடாது, ஒட்டணும்.

உபதேசியார்_மகள்:
கா்த்தா்

பழைய_அச்சகம்:
நினைச்சதுதான். அதில் ர் இல்லைம்மா. அதற்குப் பதில் துணைக்கால் போட்டு, அதன் தலையில் புள்ளி வைத்திருக்கிறது. நீங்களே சோதிக்கலாம்: சொல்லின் கடைசியில் கர்சரை வைத்து பின்னழிப்பு விசையை ஒரு தடவை தட்டுங்கள். புள்ளி போய் "ர" நின்றால் நல்ல எழுத்து. துணைக்கால் நின்றால் கள்ள எழுத்து.

இது உங்க கன்வெர்ட்டரோ அந்த டிடிபி கடைக்காரரோ செய்த துரோகம் இல்லை. ஈய எழுத்துக் கோத்த காலத்தில் ர், ரி, ரீ மூன்றுக்கும் அடியில் இழுக்கிற சாய்கோடு வராது. காலைப் போலவே நேராக நிற்கும், மேலே புள்ளியோ கொக்கியோ ஏறும். ஓலையில் ரவுக்கும் காலுக்கும் வித்தியாசமே கிடையாது. அந்த வடிவம் அப்படியே பாமினிக்கும் வந்தது. அதில் ர் வேண்டுமென்றால் கால் விசையைத் தட்டி, அரைப்புள்ளி விசையில் இருக்கும் புள்ளியைத் தட்டுவார்கள். தாளில் அச்சானால் குறையே தெரியாது. நானும் இருபது வருஷம் அப்படித்தான் அடித்தேன், எத்தனை கல்யாணப் பத்திரிகை!

தேடுபொறி வடிவத்தைப் பார்ப்பதில்லை, ஒவ்வொரு எழுத்துக்கும் கணினியில் இருக்கும் குறியெண்ணைப் பார்க்கிறது. அதற்கு "கர்த்தர்" வேறு, "கா்த்தா்" வேறு. குறிச்சொல் இரண்டாகப் பிரிந்ததும் இதனால்தான். போன் வாசிக்கும்போது காலைக் கண்டு "கா" என்று நீட்டுகிறது, அநாதைப் புள்ளியை விட்டுவிடுகிறது. "காத்தா" வந்த வழி அதுதான்.

உபதேசியார்_மகள்:
அண்ணே, கண்ணைத் திறந்துட்டீங்க! அப்ப "ா்" வர்ற இடமெல்லாம் "ர்"னு மாத்திட்டா போதுமா?

பழைய_அச்சகம்:
போதாது. "சேர்ந்து" என்று தேடிப் பாருங்கள், அதுவும் வராது. உங்க பதிவில் அது "சோ்ந்து" என்று இருக்கும். இரட்டைக் கொம்பு, ச, அடுத்து ர்-க்காக அடித்த கால். கன்வெர்ட்டர் மூன்றையும் பார்த்ததும் "சோ" என்று ஒட்டிவிடுகிறது, மிச்சமான புள்ளி மேலே தொங்குகிறது. "தெரியும்" இதே கணக்கில் "தொியும்" ஆகும். "சரீரம்", "மரியாள்" எல்லாம் அடிபட்டிருக்கும்.

கீழே உள்ளதைக் காப்பி செய்து வைத்துக்கொள்ளுங்கள். தனியாக ஒட்டும்போது புள்ளிவட்டம் தெரியும், பயப்பட வேண்டாம்.

ா் → ர்
ாி → ரி
ாீ → ரீ
ொ் → ெர்
ொி → ெரி
ோ் → ேர்
ோி → ேரி
ோீ → ேரீ

கடைசி வரி எதற்கு என்று யோசிப்பீர்கள். எலியா தீர்க்கதரிசி ஒளிந்திருந்த கேரீத் ஆறு. "கோீத்" என்று இருக்கும்.

தமிழில் காலுக்குப் பின்னால் புள்ளியோ இகரக் குறியோ வருகிற சொல் ஒன்றுகூடக் கிடையாது. அதனால் கண்ணை மூடிக்கொண்டு "எல்லாவற்றையும் மாற்று" கொடுக்கலாம்.

மெய்ஞானபுரம்_தம்பி:
அக்கா, 186-ஐயும் டெலீட் பண்ணிட்டு, சரி பண்ணினதை மொத்தமா திரும்ப ஏத்திருங்க. ஒரே நாள்ல முடிஞ்சிரும்.

பழைய_அச்சகம்:
தம்பி, வேண்டாம்! பிளாகரில் தமிழ்த் தலைப்பு வைத்தால் முகவரியில் தமிழ் ஏறாது. பிளாக்-போஸ்ட் என்று போட்டு பின்னால் ஒரு எண்தான் வரும். அழித்து ஏற்றினால் எந்தப் பிரசங்கம் எந்த எண்ணில் போய் உட்காரும் என்று சொல்ல முடியாது. வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே அனுப்பிய சுட்டிகள் எல்லாம் போச்சு. இருக்கிற பதிவையே திறந்து, எச்.டி.எம்.எல் பார்வையில் மொத்தத்தையும் எடுத்து நோட்பேடில் ஒட்டி, எட்டு மாற்றமும் செய்து திரும்ப ஒட்டுவதுதான் நல்லது. தொடங்கும் முன் அமைப்புகளில் போய் ஒரு காப்புப் பிரதி இறக்கி வைத்துவிடுங்கள். நேரம் பிடிக்கும்தான். தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டை 1715-ல் அச்சடித்து முடித்தார்களே, ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் எழுத்து பெரிதாக இருந்து காகிதத்தை விழுங்கியதால், உள்ளூரிலேயே சின்னதாக வார்த்து அப்புறம்தான் வேலை ஓடியது. எழுத்தோடு மல்லுக்கட்டுவது நம்ம சபைக்குப் பழகினதுதான்.

பாளை_டீச்சர்:
நடுவில் பேசுவதற்கு மன்னிக்கணும். உங்க வலைப்பூவைப் போய்ப் பார்த்தேன். நல்ல பிரசங்கங்கள், வயல் வேலைக்குப் போகிறவர்களுக்குப் புரிகிற பேச்சு. ஒவ்வொரு பதிவையும் எப்படியும் திறக்கப்போகிறீர்கள், அப்போதே இரண்டு காரியம் பாருங்கள்.

பிரசங்கத்தின் முடிவில் ஜெபக் குறிப்பு இருக்கிறது. இன்னாருக்குக் கர்ப்பப்பையில் கட்டி, இன்னார் மகன் குடியை விடணும் என்று பெயரோடு. ஆலயத்துக்குள் எழுபது பேர் கேட்டது அது. இப்போது அந்தப் பையனுக்குப் பெண் பார்க்கிறவர்களும் வாசிக்கலாம். தயவுசெய்து எடுத்துவிடுங்கள். எனக்கு இதுதான் அந்த ர்-ஐவிட அவசரம்.

இன்னொன்று பாட்டு. வேதநாயக சாஸ்திரியார் 1864-லேயே காலமானவர், அவர் கீர்த்தனைகளை முழுதாகப் போடலாம். நம் நாட்டுச் சட்டப்படி எழுதியவர் மறைந்து 60 ஆண்டுவரை உரிமை உண்டு. சில பதிவுகளில் இப்போதைய கன்வென்ஷன் பாடல்களை முழுசாகப் போட்டிருக்கிறீர்கள். அதற்கு அனுமதி கேளுங்கள், இல்லையென்றால் முதல் வரியோடு நிறுத்துங்கள்.

உபதேசியார்_மகள்:
டீச்சர், அந்த ஜெபக் குறிப்பு பத்தி நான் யோசிக்கவே இல்ல. அப்பாட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அந்தப் பையன் இப்ப நல்லாருக்கான், எடுத்துரு"ன்னாங்க. இன்னிக்கே ஆரம்பிக்கேன். வசனத்துக்கு அனுமதி வாங்கணுமா? அப்பா பழைய மொழிபெயர்ப்பு தவிர எதையும் தொடமாட்டாங்க.

பாளை_டீச்சர்:
அப்பா சொல்கிற அந்தப் பழைய மொழிபெயர்ப்பு, பவர் ஐயர் குழு செய்த வேதாகமம், 1871-ல் வந்தது. அதிலிருந்து வசனம் எடுத்துப் போடுவதற்குத் தயங்க வேண்டாம். புதிய மொழிபெயர்ப்புகளில் இருந்து அதிகாரம் அதிகாரமாக எடுப்பதென்றால்தான் வெளியிட்டவர்களிடம் கேட்கணும்.

உபதேசியார்_மகள்:
மூணு வாரம் ஆச்சு. 186-ம் முடிஞ்சுது, ஸ்தோத்திரம். ஜெபக் குறிப்பு எல்லாம் எடுத்தாச்சு. "கர்த்தர்"னு தேடினா இப்ப பக்கம் பக்கமா வருது. நேத்து ராத்திரி அப்பா கேரீத் ஆத்துப் பிரசங்கத்தைப் போன்ல கேட்டாங்க. காகம் அப்பம் கொண்டுவர்ற இடம் வந்ததும், "இங்க நான் ரொம்ப நீட்டிட்டேன், ஜனம் அன்னிக்கு நெளிஞ்சுது"ன்னாங்க. காத்தா வரவே இல்ல.

ஒண்ணு மட்டும் பிடிபடல. முகப்புல தலைப்பை வாசிக்கும்போது மட்டும் போன் இன்னும் உளறுது. பதிவுக்குள்ள போனா சரியா வாசிக்குது. குறிச்சொல்லும் இன்னும் ரெண்டாத்தான் இருக்கு.

பழைய_அச்சகம்:
தலைப்பும் குறிச்சொல்லும் தனித்தனிப் பெட்டிம்மா. எச்.டி.எம்.எல் பார்வைக்குள் அவை வராது. அதிலும் மாற்றினீர்களா?

உபதேசியார்_மகள்:
ஐயோ. தொடவே இல்லண்ணே.