வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றில் ப்ளீச்சிங் பவுடர் போட்டும் சோதனைக் குப்பி கறுக்கிறது, எங்கே தப்பு?

கிணத்தடிவீடு:
கடலூர் மாவட்டம், தென்பெண்ணைக் கரையோரக் கிராமம். வீட்டில் ஐந்தடி அகல உறைக்கிணறு. போன வார மழையில் தெருத் தண்ணீர் வாசலேறி, கைப்பிடிச் சுவரைத் தாண்டி உள்ளே இறங்கிவிட்டது. இரண்டு நாள் மோட்டார் போட்டு இறைத்தோம். அப்புறம் கடையில் ப்ளீச்சிங் பவுடர் வாங்கி இரண்டு கைப்பிடி தூவினேன். இரவெல்லாம் வாடை, காலையில் வாடையே இல்லை. சரி, சுத்தமாகிவிட்டது என்று நினைத்தேன். கிராம சுகாதாரச் செவிலியர் கொடுத்த சோதனைக் குப்பியில் தண்ணீர் பிடித்து வைத்தால் ஒரே நாளில் மை மாதிரி கறுத்துவிட்டது. கறுத்தால் மலக் கிருமி கலந்திருக்கிறது என்று அர்த்தமாம். மறுபடி தூவினேன், மறுபடி கறுப்பு. அப்பாவுக்கும் எனக்கும் வயிற்றுப்போக்கு. அக்கா நான்கு மாதக் குழந்தையோடு வந்திருக்கிறாள், புட்டிப்பால் குடிக்கிற குழந்தை. இன்னும் எவ்வளவு பவுடர் போடவேண்டும்?

சேலத்துக்காரன்:
ஒரு ஆர்.ஓ. மெஷின் வாங்கி மாட்டிவிடுங்கள் நண்பரே, தொல்லை விட்டது.

கிணத்தடிவீடு:
இங்கே தண்ணீர் உப்பே இல்லை அண்ணா. தினமும் மூன்று மணி நேரம் கரண்ட் வேறு போகிறது.

பழைய_லேப்:
தம்பி, முதலில் வீட்டு ஆட்களைப் பாருங்கள். ஓ.ஆர்.எஸ். கரைத்துக் கொடுங்கள். அப்பாவுக்குப் போக்கு நிற்கவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போய்விடுங்கள். பிரச்சினை தீரும் வரை கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கவே வேண்டாம்.

நான் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன். எவ்வளவு போட்டோம் என்பதை விட, ஒரு மணி நேரம் கழித்துத் தண்ணீரில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதுதான் கணக்கு. சேறு, இலை, சாக்கடை, இரும்பு எல்லாமே குளோரினைத் தின்னும். அவை தின்று முடித்த மிச்சம்தான் கிருமியைக் கொல்லும். வாடை வந்து போனதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

நான்கு விஷயம் சொல்லுங்கள். கிணற்றில் தண்ணீர் எத்தனை அடி? பவுடர் பொடியாக இருந்ததா, கட்டி தட்டியிருந்ததா? கழிவறைத் தொட்டி எவ்வளவு தூரம்? தண்ணீர் கலங்கலா?

கிணத்தடிவீடு:
கயிறு விட்டுப் பார்த்தேன் ஐயா, இருபதடி. பவுடர் திறந்த மூட்டையிலிருந்து அள்ளிக் கொடுத்தது, ஈரமாகக் கட்டி கட்டியாக இருந்தது. தொட்டி 25 அடி தூரம் இருக்கும். லேசான கலங்கல்தான்.

பழைய_லேப்:
பாதி விடை இதிலேயே வந்துவிட்டது.

புதுப் பவுடரில் சுமார் 33 சதவீதம் குளோரின் இருக்கும். திறந்த மூட்டையில் காற்றும் ஈரமும் பட்டால் அது மெல்லப் பறந்து, கடைசியில் சுண்ணாம்பு மட்டும் மிஞ்சும். வாடை மட்டும் ஆளைத் தூக்கும்! தேதி பார்த்து, சீல் வைத்த பொட்டலமாக வாங்குங்கள்.

ஐந்தடி ஒன்றரை மீட்டர், இருபதடி ஆறு மீட்டர் என்று வையுங்கள். 3.14 × 1.5 × 1.5 × 6 ÷ 4, அதாவது சுமார் 10,600 லிட்டர். நல்ல கிணற்றுக்கு 1000 லிட்டருக்கு 2.5 கிராம் பவுடர் என்பது வழக்கமான கணக்கு. உங்களுடையது வெள்ளம் புகுந்த கிணறு, அதற்கு அது போதாது. குளோரின் லிட்டருக்கு 50 மில்லிகிராம் வருகிற மாதிரி ஒரு தடவை அடிக்கவேண்டும். புதுப் பவுடரில் 1.6 கிலோ ஆகும்.

தூவாதீர்கள். வாளிக்கு நூறு கிராம் போட்டு முதலில் கூழாகக் குழைத்து, முக்கால் வாளி தண்ணீர் விட்டுக் கலக்கி, பத்து நிமிடம் வையுங்கள். மேலே தெளிந்ததை மட்டும் இன்னொரு வாளிக்கு இறுத்துக்கொள்ளுங்கள், அடியில் நிற்கிற சுண்ணாம்பைக் கிணற்றில் கொட்டக் கூடாது. அந்த வாளியைக் கயிற்றில் கட்டி நீருக்குள் இறக்கி, மேலும் கீழுமாக நன்றாக ஆட்டுங்கள். இரவில் கடைசியாக இறைத்து முடித்த பிறகு செய்யுங்கள். பன்னிரண்டு மணி நேரம் யாரும் தொடக் கூடாது. பிறகு வாடை போகும் வரை இறைத்துக் கொட்டுங்கள், குளத்துப் பக்கம் விடவேண்டாம். கிணற்றில் மீன் விட்டிருந்தால் முதலில் பிடித்துவிடுங்கள்.

தூர் வார யாரையும் இறக்காதீர்கள். உள்ளே காற்று எப்படி இருக்கும் என்று மேலிருந்து தெரியாது. டீசல் இஞ்சினை உள்ளே இறக்குவது தற்கொலை. பாத்ரூம் கழுவும் ஆசிட் இருக்கிற இடத்தில் பவுடரைக் குழைக்கவும் கூடாது, விஷ வாயு வரும்.

பெண்ணையாத்தங்கரை:
ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தில் எங்கள் கிணறும் இப்படித்தான் ஆனது. பாட்டி தேற்றான் கொட்டையைப் பானையின் உட்புறம் தேய்த்து வைத்தார். இரவில் ஊற்றினால் காலையில் கண்ணாடி மாதிரித் தெளிந்துவிடும். அது போதாதா ஐயா?

பழைய_லேப்:
தெளியும் அம்மா, அதில் சந்தேகமே இல்லை. படிகாரம் செய்கிற வேலையைத்தான் அதுவும் செய்கிறது, மண் துகளைத் திரட்டி அடியில் உட்கார வைக்கும். கிருமியில் கொஞ்சம் அதோடு இறங்கும், எல்லாம் இறங்காது. தெளிந்த தண்ணீரில் குளோரின் நன்றாக வேலை செய்யும் என்பதால் முதலில் தெளிய வைத்து, வேறு பாத்திரத்துக்கு இறுத்து, அப்புறம் மருந்து போடுங்கள். இல்லையென்றால் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க வையுங்கள்.

தம்பி, இறைத்து முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். முப்பது கிராம் புதுப் பவுடரை ஒரு லிட்டரில் கரைத்துத் தெளியவிட்டால் ஏறக்குறைய ஒரு சதவீதக் கரைசல். நான்கு வாளியில் பத்துப் பத்து லிட்டர் கிணற்றுத் தண்ணீர் பிடித்து, மருந்து ஊசிக் குழாயால் 1, 2, 3, 4 மில்லி விடுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பஞ்சாயத்தில் தண்ணீர் விடுகிறவரிடம் இருக்கும் குளோரோஸ்கோப்பை, அதாவது மிச்சக் குளோரினை மஞ்சள் நிறத்தால் காட்டும் பெட்டியை, வாங்கிப் பாருங்கள். லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் மிச்சம் என்று காட்டும் மஞ்சள் எந்த வாளியில் வருகிறதோ அதுதான் உங்கள் கிணற்றின் அளவு. அப்படியே குடிநீர் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் நைட்ரேட்டும் பார்க்கச் சொல்லுங்கள், கழிவறைத் தொட்டிக் கசிவிலிருந்து தண்ணீரில் கலக்கிற உப்பு அது. அந்த 25 அடி எனக்கு உறுத்துகிறது. ஐம்பதடியாவது இருக்கவேண்டும்.

கிணத்தடிவீடு:
ஐயா, ஐந்து நாள் கழித்து எழுதுகிறேன். அப்பா தேறிவிட்டார்.

1.6 கிலோவும் அடித்து இறைத்தோம். வாளிச் சோதனையில் மூன்றாவது வாளியில்தான் 0.5 வந்தது. ஆசைக்குப் பழைய பவுடரிலும் செய்து பார்த்தேன், நான்காவது வாளியில்கூட மஞ்சள் தட்டவில்லை. புதுக் குப்பி 48 மணி நேரமாகியும் கறுக்கவில்லை.

ஆனால் நைட்ரேட் லிட்டருக்கு 62 மி.கி. வந்திருக்கிறது. அக்கா குழந்தைக்குக் கொதிக்க வைத்துத்தானே கொடுக்கிறோம் என்கிறாள்.

பழைய_லேப்:
வேண்டாம். வரம்பே 45 தான். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கூடத்தான் செய்யும். குளோரினும் அதை ஒன்றும் செய்யாது. கைக்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜன் சுமக்கும் சக்தியை அது குறைக்கும், உதடும் நகமும் நீலம் பாரிக்கும். அப்படித் தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பால் மாவு கலக்க நைட்ரேட் சோதித்த பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, கொதிக்க வைத்துக் கலக்குங்கள். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தையாக இருந்தால் ஆறு மாதம் வரை தண்ணீரே தேவையில்லை.

மற்றவர்களுக்கு, மூன்றாவது வாளி என்றால் லிட்டருக்கு 3 மில்லிகிராம். 10,600 லிட்டருக்குப் புதுப் பவுடர் சுமார் 100 கிராம், இரவில், அதே தெளிவு முறையில். கசிவு நிற்கும் வரை தினமும் இது வேண்டும். தேவை இறங்கும், வாரம் ஒரு தடவை வாளி வைத்துப் பார்த்துக் குறையுங்கள். மேல் பத்தடி உறை மூட்டுகளைச் சிமென்ட் வைத்து அடைத்து, கைப்பிடிச் சுவரை உயர்த்தி, சுற்றிலும் தளம் போடுங்கள். இதெல்லாம் மேலிருந்து வருவதைத்தான் தடுக்கும். தொட்டியைத் தள்ளி வைக்காமல் நைட்ரேட் குறையாது.

கிணத்தடிவீடு:
கொத்தனார் திங்கட்கிழமை வருகிறார். தொட்டிக்குக் காசு தை மாதத்துக்குப் பிறகுதான். அதுவரை குடிக்கவும் சமைக்கவும் குழாய்த் தண்ணீர், மற்றதற்குக் கிணறு.

ஒரே ஒரு கேள்வி ஐயா. கிணற்றிலிருந்து பிடித்த ஜிலேபிக் கெண்டை நான்கும் அண்டாவில் இருக்கின்றன. எப்போது திருப்பி விடலாம்?

பழைய_லேப்:
தினம் குளோரின் போடுகிற வரை விடாதீர்கள். மனிதன் குடிக்கிற அந்த 0.5 மீனுக்குத் தாங்காது.

கிணத்தடிவீடு:
சரி ஐயா. இதைப் படித்துக் காட்டியதும் அம்மா புளி கரைக்கப் போய்விட்டார்.