ரத்தத்தில் தெரிந்தால்தான் நோயா?

ரேவதி, ஜெயநகர்: "ரத்தப் பரிசோதனையில் தெரியாத நோய்க்கு மாத்திரை எழுதுகிறவர் டாக்டரே இல்லை" என்று மனநல டாக்டர்களைப் பற்றி வாசு சார் நேற்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. எம்.பி.பி.எஸ். முடித்து, மேலே மூன்று வருடம் எம்.டி. படித்தவர் டாக்டர் இல்லையா? என் தம்பி மனநோய்க்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறான். ராத்திரி மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, காலை மாத்திரை போடுவதற்கு முன்னால் ரத்தம் எடுக்கிறார்கள். ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறினால் கை நடுங்கும், நடை தள்ளாடும். சிறுநீரகத்தையும் தைராய்டையும் அவ்வப்போது பார்க்கிறார்கள். இது மருத்துவம் இல்லையென்றால் வேறு என்ன?

வாசு, அல்சூர்: அது மருந்தின் அளவு. நோயைக் காட்டும் ரத்தப் பரிசோதனை எது? அதைச் சொல்லுங்கள்.

ரேவதி: ஒற்றைத் தலைவலிக்கு எந்தப் பரிசோதனை சார்? வந்தால் நரம்பு டாக்டரிடம்தானே ஓடுவீர்கள்? மனச்சோர்வு என்று போனால் தைராய்டும் பார்க்கச் சொல்கிறார்கள். தைராய்டு குறைந்தாலும் அதே சோர்வு வரும். அதைப் பிரித்துச் சொல்ல உடம்பும் தெரிந்த ஆள் வேண்டும்.

முருகேசன், கே.ஆர்.புரம்: மனநல, நரம்பியல் நிறுவனமான நிமான்ஸ் இருக்கிற பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு இப்படி ஒரு கேள்வி! 1954-லிருந்து இங்கே சொல்லிக்கொடுக்கிறார்கள்.

வாசு: நிமான்ஸ் வந்தது 1974-ல். வருடமே தெரியாதவர் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

முருகேசன்: 1954-ல் தொடங்கியது அகில இந்திய மனநல நிறுவனம். அதையும் மனநல ஆஸ்பத்திரியையும் சேர்த்துத்தான் 1974-ல் நிமான்ஸ் ஆக்கினார்கள். பாதி தெரிந்துகொண்டு சண்டைக்கு வருவது உங்களுக்குப் பழக்கம். பொங்கல் விழாக் கணக்கிலும் அதைத்தானே செய்தீர்கள்?

வாசு: பந்தல்காரர் ரசீதை இன்றுவரை காட்டாதவர் பேசக்கூடாது. ரத்தப் பரிசோதனை எங்கே?

ரேவதி: ரசீதை விடுங்கள். 2001-ல் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த விடுதியில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிவைத்திருந்ததால் ஓட முடியாமல் கருகினார்கள். 28 பேர் செத்தார்கள். டாக்டரிடம் இருக்க வேண்டியவர்கள் சார் அவர்கள். இது நோயே இல்லை என்று நீங்கள் எழுதுவதைப் படித்துவிட்டு யாராவது மாத்திரையை நிறுத்தினால் யார் பொறுப்பு?

வாசு: கண்ணீர் வரவழைக்கிறீர்கள். பரிசோதனையின் பெயர் இன்னும் வரவில்லை.

ரேவதி: ஒற்றைத் தலைவலிக்கு உங்கள் பதிலும்தான் வரவில்லை.

முருகேசன்: ரசீது பொருளாளரிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கள்.

வாசு: எந்தப் பொருளாளர்? உங்கள் மச்சான்தானே?