சராசரி 18 லக்ஸ் வந்தும் "ரோடு தெரியல" என்கிறார்கள்: தெருவிளக்கை ஓட்டுநர் கண்ணுக்கு ஏற்ப மதிப்பிடுவது எப்படி?

இரவுச்சாலை (கேள்வி)

கோவையில் ஒரு நாலுவழிச் சாலை. சென்டர் மீடியனில் 9 மீட்டர் கம்பங்கள், ஒவ்வொன்றிலும் இரு பக்கமும் 120 வாட் எல்.இ.டி. கம்பத்துக்குக் கம்பம் 36 மீட்டர். ஒரு பக்கத் தார்த்தளம் 7 மீட்டர் அகலம். லக்ஸ் மீட்டரில் (தரையில் விழும் ஒளியை அளப்பது) அளந்தால் சராசரி 18 வருகிறது. கம்பத்தடியில் 48, இரண்டு கம்பங்களுக்கு நடுவே இடது ஓரத்தில் 4. தெருவிளக்குக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 1944-படி இந்த வகைச் சாலைக்கு 15 லக்ஸ் போதும். ஆனாலும் குறுக்கே இறங்கும் ஆள் கடைசி நொடியில்தான் கண்ணில் படுகிறார் என்று கார்காரர், பைக்காரர் எல்லோரும் சொல்கிறார்கள். எதை அளந்தால் காரணம் பிடிபடும்? லூமினன்ஸ் மீட்டர் (தளத்திலிருந்து கண்ணுக்குத் திரும்பி வரும் ஒளியை அளப்பது) கையில் இல்லை.

கம்பம்9

15 லக்ஸ் என்பது அந்தத் தரத்தில் ஒரு வரிதான். அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு எண் இருக்கிறது: உங்கள் சாலை அடங்கும் ஏ2 வகையில் குறைந்தபட்ச வெளிச்சத்தைச் சராசரியால் வகுத்தால் 0.4 வர வேண்டும். உங்களுக்கு 4-ஐ 18-ஆல் வகுத்தால் 0.22. சாலை தேறவில்லை. சராசரி 18 என்றால் மிக இருண்ட புள்ளியிலும் 7 லக்ஸ் இருந்தாக வேண்டும்.

உங்கள் சராசரியைத் தூக்கிப் பிடிப்பது கம்பத்தடியில் கொட்டும் அந்த 48தான். அது ஓட்டுபவருக்கு உதவாது. கண் அந்த வெளிச்சத்துக்குப் பழகுவதற்குள் அடுத்த இருட்டு வந்துவிடும். 60 கி.மீ. வேகத்தில் 36 மீட்டரைக் கடக்க இரண்டு நொடிக்குச் சற்று மேல்தான் ஆகும்; அதாவது இரண்டு நொடிக்கு ஒருமுறை வெளிச்சம், இருட்டு, வெளிச்சம்.

எத்தனை புள்ளியில் அளந்தீர்கள் என்று சொல்லவில்லை. பலர் கம்பத்தடி, நடு, அடுத்த கம்பத்தடி என்று மூன்று இடத்தில் மட்டும் வைத்து எடுத்துவிடுகிறார்கள். 36 மீட்டர் இடைவெளிக்கு நீளவாக்கில் 3 மீட்டருக்கு ஒன்றாக 12 புள்ளி (முதல் புள்ளி கம்பத்திலிருந்து 1.5 மீட்டரில்), ஒவ்வொரு தடத்துக்கும் குறுக்கே 3 வரிசை, இரண்டு தடத்துக்கு மொத்தம் 72. சாக்பீஸால் குறித்துக்கொண்டு எடுங்கள். சென்சார் தரையில் மட்டமாக இருக்க வேண்டும், அளப்பவர் நிழல் அதன் மேல் விழக்கூடாது. சென்சார் தனி வயரில் வரும் மீட்டர் என்றால் இது சுலபம். கடைகள் மூடிய பிறகு எடுங்கள், இல்லையென்றால் போர்டு வெளிச்சம் இடது ஓரத்தை நல்லதாகக் காட்டிவிடும். ஆனால் சி.சி.எம்.எஸ். பெட்டியில் (தெருவிளக்குகளை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி) டிம்மிங் நேரம், அதாவது வெளிச்சத்தைத் தானாகக் குறைக்கும் நேரம், வைத்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். டிம் ஆன பிறகு எடுத்த எண்ணை முழு வெளிச்சத்தின் எண்ணோடு கலக்கக் கூடாது.

போன் ஆப் வேண்டாம். சாய்வாக விழும் ஒளியை அது சரியாகக் கணக்கில் எடுக்காது. இருண்ட புள்ளிகளில் விழுவதோ பெரும்பாலும் சாய்வான ஒளிதான்.

தளவெளிச்சம்

மேலே சொன்னது சரி, ஆனால் லக்ஸ் என்பது தரையில் விழுவது. ஓட்டுபவர் பார்ப்பது தரையிலிருந்து திரும்பி வருவதை. நம்மூர் தார்த்தளத்துக்கு வழக்கமாக எடுக்கும் ஆர்3 என்ற தள வகையில் சராசரிப் பிரதிபலிப்பு 0.07. உங்கள் 18 லக்ஸ், தோராயமாக சதுர மீட்டருக்கு 1.26 கேண்டெலா (கண்ணுக்குத் தெரியும் தளவெளிச்சத்தின் அலகு). சாலை விளக்குக்கான சர்வதேச வழிகாட்டியான சி.ஐ.இ. 115 இல் எம்3 என்ற சாலை வகைக்குச் சராசரி 1.0 போதும். ஆகச் சராசரியில் குறை இல்லை. பார்க்க வேண்டியது மீதி மூன்றை: மொத்தச் சீர்மை (தளத்தின் மிக இருண்ட புள்ளியைச் சராசரியால் வகுத்தது) 0.4, ஒரே தடத்தின் நடுக்கோட்டில் நீளவாக்குச் சீர்மை (மிக இருண்டதை மிகப் பிரகாசமானதால் வகுத்தது) 0.6, கண்கூச்சம் 15 சதவீதத்துக்குள்.

மீட்டர் இல்லாமலே இவற்றைக் கணக்கிடலாம். விளக்குக் கம்பெனியிடம் அந்த மாடலின் ஒளிப்பரவல் கோப்பை (எந்தத் திசையில் எவ்வளவு ஒளி போகிறது என்ற தரவு) கேட்டு வாங்குங்கள். டயலக்ஸ் என்ற விளக்குக் கணக்கு மென்பொருள் இலவசம். உயரம் 9, இடைவெளி 36, அகலம் 7, விளக்கைத் தாங்கும் கையின் நீளம், அதன் சாய்வு, தளம் ஆர்3, பராமரிப்புக் காரணி (அழுக்கு, பழமையால் குறையும் ஒளிக்கான கழிவு) 0.8 என்று கொடுத்தால் நான்கு எண்ணும் வந்துவிடும். கணக்கில் வரும் லக்ஸ் உங்கள் 72 புள்ளியோடு ஒத்துப்போகவில்லை என்றால் சாய்வையோ கை நீளத்தையோ தவறாகக் கொடுத்திருக்கிறீர்கள், அல்லது கோப்பில் உள்ள விளக்கு கம்பத்தில் இல்லை.

கண்கூச்சத்துக்குக் கையாலேயே ஒரு சோதனை உண்டு. காரில் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து, எதிரே வண்டி இல்லாத நேரம், தூரத்து விளக்கு வரிசையை மட்டும் சன் வைசரால் மறையுங்கள். 60 மீட்டருக்கு அப்பால் உள்ள தரை சட்டென்று தெளிந்தால் விளக்கே பார்வையைக் கெடுக்கிறது என்று பொருள்.

இந்த 60 மீட்டருக்கு அப்பால்தான் விஷயமே. 60 கி.மீ. வேகத்தில் நிற்க ஐ.ஆர்.சி. (இந்தியச் சாலைகள் காங்கிரஸ்) கொடுக்கும் தூரம் 80 மீட்டர். வண்டியின் டிம் லைட் 40, 50 மீட்டர் வரைதான் உருப்படியாகக் காட்டும். மிச்சத்தைத் தெருவிளக்குதான் காட்டியாக வேண்டும். அங்கே ஆளைத் தெரியவைப்பது பெரும்பாலும் அவர் மேல் விழும் ஒளி இல்லை, அவருக்குப் பின்னால் ஒளிரும் தரை. அந்தத் தரை இருண்ட பட்டையாக இருந்தால் கறுப்புப் பேண்ட் போட்டவர் அதிலேயே கரைந்துபோவார்.

இரவுச்சாலை

நன்றி. கம்பத்தடி, நடு, இடது ஓரம் என்று ஒன்பது புள்ளிகளில்தான் எடுத்திருந்தோம். இன்னொன்று: கைகள் பழைய சோடியம் விளக்குக்குப் போட்டவை, 15 டிகிரி மேல்நோக்கிய சாய்வு. எல்.இ.டி.யை அதிலேயே மாட்டியிருக்கிறார்கள். அதை மட்டும் நிமிர்த்தினால் போதுமா?

கம்பம்9

பாதிக் காரணம் அதுதான். தட்டையான கண்ணாடியுள்ள எல்.இ.டி.க்கு 0 முதல் 5 டிகிரி போதும். 15-இல் மாட்டினால் ஒளி கண் மட்டத்துக்கு ஏறிவிடும், எதிர்வீட்டு மாடிக்கும் போகும்.

ஆனால் சாய்வை மட்டும் குறைத்துவிடாதீர்கள். 9 மீட்டர் உயரத்தில் 15 டிகிரி என்றால் கற்றையின் மையம் 2.4 மீட்டர் இடப்பக்கம் தள்ளிப்போயிருக்கிறது. நிமிர்த்தினால் கூச்சம் குறையும், ஏற்கெனவே 4 லக்ஸில் இருக்கும் ஓரம் இன்னும் மங்கும். இடைவெளி உயரத்தைப் போல 4 மடங்கு. அதற்கு நீளவாக்கில் அகலமாக விரிக்கும் லென்ஸ் வேண்டும். குறுகிய லென்ஸ் போட்டுவிட்டு வாட்டை ஏற்றினால் 48 இன்னும் ஏறும், 4 சற்றே ஏறும், விகிதம் அப்படியே நிற்கும். வாட் கூட்டுவதுதான் எல்லோரும் முதலில் செய்யும் தவறு.

தொடர்ச்சியாக 4 கம்பத்தில் மட்டும் லென்ஸும் சாய்வும் மாற்றி, நடுவில் உள்ள இடைவெளியை 72 புள்ளியில் அளந்து பாருங்கள். ஓரத்து இடைவெளிகளில் பழைய விளக்கின் ஒளி கலந்துவிடும்.

மரநிழல்

லென்ஸுக்குச் செலவு செய்வதற்கு முன் பகலில் ஒருமுறை நடந்து பாருங்கள். விளக்குக்குக் கீழே தூங்குமூஞ்சி மரக்கிளை தொங்கினால் எந்த லென்ஸும் உதவாது. கிளையை விளக்கைச் சுற்றி மட்டும் வெட்டினால் பயன் குறைவு. விளக்கிலிருந்து அடுத்த நடுப்புள்ளிக்குப் போகும் சாய்வுக் கோட்டில் குறுக்கிடுவதை வெட்ட வேண்டும். கண்ணாடியில் படிந்த புழுதி, உள்ளே செத்துக் கிடக்கும் பூச்சிகளையும் துடைத்துவிட்டுத்தான் அளவு எடுக்க வேண்டும். ஒரு விளக்கு அணைந்திருந்தால் 36 மீட்டர் 72 ஆகிவிடும், அந்த இடத்தின் எண்ணைச் சராசரியில் சேர்க்காமல் தனியாக எழுதுங்கள்.

தளத்தோடு நிறுத்தாதீர்கள். இடது ஓரத்துக்கு வெளியே 5 மீட்டர் பட்டையையும் அளந்து, உள்ளே அதே அகலப் பட்டையின் சராசரியோடு ஒப்பிடுங்கள். பாதிக்குக் கீழே வந்தால், நடைபாதையிலிருந்து காலை எடுத்து வைக்கிற ஆளை ஓட்டுபவர் முன்கூட்டிப் பார்க்க வழியில்லை. மழை விட்ட இரவில் ஒருமுறை ஓட்டியும் பாருங்கள். ஈரத் தாரில் கம்பத்துக்குக் கம்பம் பளபளக்கும் கோடுகளும் நடுவே கருப்பும்தான் இருக்கும்; காய்ந்த தளத்தில் 0.4 தொட்டும் தொடாமலும் இருக்கிற சாலை அன்றைக்குத்தான் மோசமாகக் கைவிடும்.