பட்டம் வாங்கிய பிறகு தொடங்கும் உறவு: சொராரிட்டிப் பெண்களிடம் நான் கண்டது

அமெரிக்காவில் மகளைக் கல்லூரிக்கு அனுப்பிய தமிழ்க் குடும்பங்களில், முதலாம் ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலும் ஒரு கேள்வி எழுந்துவிடுகிறது: "சொராரிட்டியில் சேரட்டுமா, அம்மா?" கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட இந்தப் பெண்கள் சங்கங்கள் என்றவுடன் நம்மில் பலருக்கு விருந்தும் கும்மாளமும் வீண் செலவுமே நினைவுக்கு வருகின்றன. நான் மேரிலாந்தின் பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுண்டியில் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியையாகப் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். என்னுடன் பணிபுரியும் கறுப்பினப் பெண்களில் பலர், பேரன் பேத்தி எடுத்த பிறகும், தங்கள் சொராரிட்டியின் உறுப்பினர்களாகவே இருக்கிறார்கள். அவர்களோடு பழகிப் பார்த்ததில், கல்லூரியின் நான்கு ஆண்டுகள் இதில் வெறும் முன்னுரைதான் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். சொராரிட்டி ஒரு பெண்ணின் வாழ்க்கையைப் பட்டம் வாங்கிய பிறகு எவ்வளவு மாற்றும் என்பதை, அவள் குடியேறும் ஊரில் அதன் பட்டதாரிக் கிளை, அதாவது படிப்பை முடித்த உறுப்பினர்கள் நடத்தும் உள்ளூர்க் கிளை, எவ்வளவு உயிரோட்டத்துடன் இயங்குகிறது என்பதே தீர்மானிக்கிறது.

எங்கள் பள்ளியின் துணை முதல்வர் டெல்டா சிக்மா தீட்டா என்ற சொராரிட்டியைச் சேர்ந்தவர். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 13 அன்று செந்நிறமும் பாலேட்டு வெண்மையும் கலந்த உடையில்தான் பள்ளிக்கு வருவார். 1913இல் வாஷிங்டனின் ஹோவார்டு பல்கலைக்கழகத்தில் 22 மாணவியர் அந்தச் சங்கத்தைத் தொடங்கிய நாள் அது. தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், மார்ச் 3 அன்று, பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுத் தலைநகரில் நடந்த பேரணியில் அவர்கள் கலந்துகொண்டார்கள். கறுப்பினப் பெண்கள் பின்வரிசையில் வந்தால் போதும் என்று பேரணியை நடத்தியவர்களே நினைத்த காலம். இந்த வரலாற்றைத் துணை முதல்வர் எனக்குச் சொன்னது, ஒரு பலசரக்குக் கடையின் வாசலில் மடக்கு மேசை போட்டு, வாக்காளர் பதிவுப் படிவங்களை அடுக்கி வைத்துக்கொண்டிருந்தபோது. சங்கம் எந்தக் கட்சிக்கும் வாக்குக் கேட்பதில்லை. பதிவு செய்துகொள்ளுங்கள் என்று மட்டுமே கேட்கிறது. அந்த மேசையில் ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர் ஒருவரும், செவிலியர் ஒருவரும், அண்மையில் சட்டம் படித்து முடித்த ஓர் இளம்பெண்ணும் இருந்தார்கள். அந்த இளம்பெண்ணுக்கு வேலைக்கான பரிந்துரையும், குறைந்த வாடகையில் ஓர் அறையும் அந்த மேசையிலேயே பேச்சுவாக்கில் ஏற்பாடாகிவிட்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

வேலைவாய்ப்பைவிட என்னை ஆழமாகப் பாதித்தது ஒரு மரணம். எங்கள் பள்ளி நூலகர் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவைச் சேர்ந்தவர். 1908இல் அதே ஹோவார்டில் தொடங்கிய, கறுப்பினப் பெண்களின் முதல் சொராரிட்டி அது. நூலகர் கணவரை முன்பே இழந்தவர், பிள்ளைகள் இல்லை. நோய் முற்றியபோது, யார் எந்த நாளில் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது, யார் சமைப்பது, யார் இரவில் துணைக்கு இருப்பது என்று ஒரு பட்டியல் எழுதி அவர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தார்கள். அதில் இருந்த பெயர்கள் எல்லாம் சங்கத்துப் பெண்களுடையவை; அவர்களில் சிலர் அவரைவிட முப்பது வயது இளையவர்கள், அவரோடு கல்லூரியில் படித்தவர்கள் அல்லர். இறுதிச் சடங்குக்கு முந்தைய மாலையில் அவர்கள் தங்களுக்கே உரிய வழிபாட்டை நடத்தினார்கள். இறந்துபோன உறுப்பினரைச் சுவருக்கு அப்பால் படர்ந்துவிட்ட ஐவிக் கொடி என்று சொல்வது அவர்கள் மரபு. ஒவ்வொருவராக வந்து சவப்பெட்டியின் மேல் ஒரு பச்சை இலையை வைத்தபோது, பிள்ளை இல்லாத அந்த அம்மாளுக்குக் கொள்ளி வைக்க ஆள் இல்லையே என்று மனத்துக்குள் வருந்திக்கொண்டிருந்த எனக்கு அந்த வருத்தம் நீங்கிவிட்டது.

இது இன்று நேற்று வந்த பழக்கம் அன்று. 1935 முதல் 1942 வரை, கோடைதோறும், இதே ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவின் பெண்கள் மிசிசிப்பி மாநிலத்தின் பருத்திக் காடுகளுக்குச் சென்று ஏழைக் குத்தகை விவசாயிகளின் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். ஐடா ஜாக்சன் என்ற ஆசிரியை எடுத்த முயற்சி அது. மருத்துவப் பணிக்கு டாக்டர் டோரதி ஃபெரபி தலைமை ஏற்றார். தோட்ட முதலாளிகள் தங்கள் ஆட்களை மருத்துவ முகாமுக்கு அனுப்ப மறுத்ததால், இவர்கள் தங்கள் கார்களையே நடமாடும் மருத்துவமனைகளாக்கிக்கொண்டு வயலுக்கு வயல் போனார்கள். போனவர்கள் பட்டம் பெற்று வேலையில் இருந்த ஆசிரியைகளும் செவிலியர்களும். விடுமுறையைத்தான் இதற்குக் கொடுத்தார்கள். மருத்துவமனை, வங்கி, சங்கம் என்று எல்லாக் கதவுகளும் சாத்தப்பட்டிருந்த காலத்தில், படித்த கறுப்பினப் பெண்ணுக்குத் தன் படிப்பைப் பயன்படுத்த இருந்த சில இடங்களில் இதுவும் ஒன்று. பட்டதாரிக் கிளைகள் இவ்வளவு வலுப்பெற்றதற்குக் காரணம் அந்தத் தேவைதான் என்று நான் நம்புகிறேன். கல்லூரி நாளில் சேராதவர்கள்கூடப் பட்டம் பெற்ற பிறகு இக்கிளைகள் வழியாக உறுப்பினராக முடியும்.

நம்மவர்களுக்கு இது ஓரளவு தெரியவந்தது கமலா ஹாரிஸ் மூலமாகத்தான். சென்னையில் பிறந்து, படிக்க அமெரிக்கா வந்த சியாமளா கோபாலனின் மகளான அவர், ஹோவார்டில் படித்தபோது 1986இல் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவில் சேர்ந்தார். 2020இல் அவர் துணை அதிபர் வேட்பாளரானதும், அந்தச் சங்கத்தின் ஆயிரக்கணக்கான பெண்கள் சரியாக 19 டாலர் 8 சென்ட் நன்கொடை அனுப்பினார்கள். 1908 என்ற ஆண்டை அந்தத் தொகையிலேயே எழுதிவிட்டார்கள். எங்கள் ஆசிரியர் ஓய்வறையில், முத்துமாலை அணிந்த ஒரு மூத்த ஆசிரியை அந்தத் தொகையைத் தட்டச்சு செய்யும்போது அவர் கை நடுங்கியதை நான் கண்டேன்.

வெள்ளையர் பெரும்பான்மையாக உள்ள பழைய சொராரிட்டிகளில் எனக்குப் பழக்கம் குறைவு. எங்கள் தெருவில் இருந்த முதியவர் ஒருவர் பை பீட்டா ஃபையின் உறுப்பினர். அவர் சொல்லித்தான், டென்னசியின் கேட்லின்பர்க் மலையூரில் அந்தச் சங்கத்தின் முன்னாள் மாணவியர் 1912இல் ஒரு பள்ளியைத் தொடங்கினார்கள் என்பதும், இன்று அது கைவினைக் கலைகளைக் கற்பிக்கும் இடமாக வளர்ந்திருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் முன்னாள் உறுப்பினர்களின் கை நீண்டுகொண்டே போவதில் ஆபத்தும் உண்டு. 2013இல் அலபாமா பல்கலைக்கழகத்தில், சேர்த்துக்கொள்ள மாணவியர் விரும்பிய ஒரு கறுப்பினப் பெண்ணை முன்னாள் உறுப்பினர்களே தடுத்தார்கள் என்று அங்கிருந்த மாணவர் செய்தித்தாள் வெளிப்படுத்தியது. தாய் உறுப்பினராக இருந்தால் மகளுக்கு முன்னுரிமை என்று பல சங்கங்களில் இருந்துவந்த வழக்கமும், வெளியாருக்குக் கதவைச் சாத்துவதில்தான் போய் முடிந்தது.

கறுப்பினச் சங்கங்களிலும் எல்லோருக்கும் இடம் கிடைப்பதில்லை. எங்கள் பள்ளி ஆசிரியை ஒருவர் பட்டதாரிக் கிளையொன்றுக்கு விண்ணப்பித்தார். காரணம் சொல்லாமலே மறுத்துவிட்டார்கள். மறுத்தவர்களில் சிலருடன் அவர் தினமும் ஒரே மேசையில் உணவு உண்ண வேண்டியிருந்தது. சேர்க்கை நேரத்தில் புதியவர்களைத் துன்புறுத்துவதைச் சங்கங்கள் தடை செய்திருந்தாலும், அது முற்றிலும் ஒழிந்துவிட்டது என்று பெற்றோர் எண்ணிவிடக் கூடாது. சந்தாவும் சிறிதன்று, தேசிய அமைப்புக்கும் உள்ளூர்க் கிளைக்குமாக ஆண்டுதோறும் சில நூறு டாலர் ஆகிறது. மகளோ மகனோ கல்லூரிக்குப் போகும் ஆண்டில் சந்தா கட்ட முடியாமல் ஒதுங்கி நின்றவர்களையும் நான் அறிவேன்.

என் அக்கா மகள் சேர்ந்தது தெற்காசியப் பெண்களுக்கான ஒரு சொராரிட்டி. ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் கப்பா ஃபை காமாவும், நியூயார்க்கின் செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகத்தில் சிக்மா சிக்மா ரோவும் 1998இல் தொடங்கியதிலிருந்து இத்தகைய சங்கங்கள் பரவியிருக்கின்றன. என் அக்காவுக்கு இதில் சிறிதும் விருப்பமில்லை. பிறகு அந்தப் பெண்ணின் திருமணம் முறிந்தது. சொந்தக்காரர்களான நாங்கள் "கொஞ்சம் பொறுத்துப் போ" என்று சொல்லிக்கொண்டிருந்த வேளையில், அவளோடு ஒரே ஆண்டில் சங்கத்தில் சேர்ந்த மூன்று பெண்கள் வாடகை வண்டியோடு வந்து, அவள் துணிமணிகளையும் சான்றிதழ்களையும் பாட்டி கொடுத்த வெண்கல உருளியையும் ஏற்றிக்கொண்டு, அவளை வேறு ஊரில் குடிவைத்துவிட்டுப் போனார்கள். வழக்கறிஞரைக் கண்டுபிடித்துக் கொடுத்தவரும் அதே சங்கத்தின் மூத்த உறுப்பினர்தான். அதற்குப் பிறகு என் அக்கா அந்தச் சங்கத்தைப் பற்றிக் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

ஆகவே மகள் கேட்கும்போது, விடுதி எப்படி இருக்கிறது, விருந்துகள் எத்தனை என்று விசாரிப்பதைவிட, அவள் வேலைக்குப் போகக்கூடிய ஊர்களில் அந்தச் சங்கத்துக்குப் பட்டதாரிக் கிளை இருக்கிறதா, அது கடைசியாக எப்போது கூடியது, நாற்பது வயதுக்கு மேற்பட்ட உறுப்பினர் ஒருவருடன் பேச முடியுமா என்று கேளுங்கள் என்பதே நான் என் தோழிகளுக்குச் சொல்வது. தெற்காசியச் சங்கங்களின் முதல் தலைமுறைப் பெண்கள் இப்போதுதான் ஐம்பதை நெருங்குகிறார்கள். ஊரில் இருக்கும் பெற்றோரின் டயாலிசிஸ் செலவைப் பற்றியும், யாருடைய தந்தையைப் பார்க்க யார் விடுப்பு எடுத்துப் போவது என்பதைப் பற்றியும் அவர்கள் மாதாந்திர அழைப்புகளில் பேசத் தொடங்கியிருப்பதாக என் அக்கா மகள் சொல்கிறாள்.