ஆப்பிள்டன்ஸ் களஞ்சியத்தில் இருக்கும் ஆள் வேறெங்கும் இல்லை. உதவி தேவை

(ஏடன், அடிக்குறிப்பு, பழந்தாள் மூன்றும் உரையாடுபவர்களின் புனைபெயர்கள்.)

ஏடன்: ஆப்பிள்டன்ஸ் அமெரிக்க வாழ்க்கை வரலாற்றுக் களஞ்சியத்தில் (6 தொகுதிகள், 1887–89) ஹுவான் டி பெனான்ஸ்டர் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளருக்குப் பதிவு உள்ளது. 1928–36இல் வந்த 20 தொகுதி டிக்‌ஷனரி ஆஃப் அமெரிக்கன் பயாகிராஃபியில் (டி.ஏ.பி.) ஆளே இல்லை. 1999இல் வந்த 24 தொகுதி அமெரிக்கன் நேஷனல் பயாகிராஃபியிலும் இல்லை. கட்டுரையில் இவரைச் சேர்க்கலாமா?

அடிக்குறிப்பு: வேண்டாம், அவர் கற்பனை ஆள். 1919இல் அமெரிக்கத் தாவரவியலாளர் ஜான் ஹெண்ட்லி பார்ன்ஹார்ட் இதே களஞ்சியத்தில் கண்டு அம்பலப்படுத்திய 14 போலித் தாவரவியலாளர்களில் ஒருவர். 1777இல் மெக்சிகோவிலிருந்து கள்ளிச்செடிச் சாயப்பூச்சியைக் கடத்திய தியேரி த மெனோன்வில்லின் கதையைத்தான் இவர் தலையில் கட்டியிருக்கிறார்கள். ஆப்பிள்டன்ஸுக்கு எழுதியவர்களுக்குக் கட்டுரை நீளத்துக்கு ஏற்பக் கூலி, புதுப் பெயர்களையும் அவர்களே சேர்க்கலாம். அலுவலகம் நடையைத் திருத்தியதே ஒழிய உண்மையைச் சோதிக்கவில்லை. பிறகு போலிகள் ஏன் முளைக்காது! லத்தீன் அமெரிக்காவுக்குப் போன ஐரோப்பிய அறிஞர் என்றால் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

பழந்தாள்: முடிவு சரி, ஆனால் ஏடன் போன வழி தப்பு. இன்றைய அமெரிக்க ஐக்கிய நாட்டு எல்லைக்குள் வாழாதவர்களை டி.ஏ.பி. சேர்த்ததே இல்லை, அப்போது உயிரோடிருந்தவர்களையும் எடுக்கவில்லை. ஆப்பிள்டன்ஸோ இரு அமெரிக்கக் கண்டங்களையும் அள்ளிப் போட்டது. ஆகவே மெக்சிகோவில் உண்மையாகவே உழைத்தவரும் டி.ஏ.பி.யில் இருக்க மாட்டார்.

இப்படிச் சோதியுங்கள்: பதிவின் கடைசியில் வரும் நூல் தலைப்புகளை பிரான்ஸ் தேசிய நூலகப் பட்டியலில் தேடுங்கள். தாவரவியலாளர் செடிக்குப் பெயரிட்டதாகச் சொன்னால் சர்வதேசத் தாவரப் பெயர்ச் சுட்டியில் (ஐ.பி.என்.ஐ.) ஆசிரியர் பெயரைப் பாருங்கள். அப்புறம் காலம். ஆப்பிள்டன்ஸின் இன்னொரு பதிவில், நிக்கோலா ஆன்றியோன் என்பவர் 1783இல் வந்திறங்கியபோது பெருவின் காயாவ் துறைமுகத்தில் ஆசியக் காலரா பரவியிருந்ததாம். அந்த நோய் அமெரிக்கக் கண்டத்தைத் தொட்டதே 1832இல்தான்.

பிற்கால நூல் ஏதாவதில் பெயர் கிடைத்தாலும் வாசகங்களை ஒப்பிடுங்கள். ஆப்பிள்டன்ஸைப் பார்த்து எழுதியதென்றால் பத்து நூலும் ஒரே சான்றுதான். மறுபதிப்புகளிலும் இணையப் படிகளிலும் அதே போலிகள் அப்படியே கிடக்கின்றன.

ஏடன்: நன்றி. நேஷனல் சைக்ளோபீடியா ஆஃப் அமெரிக்கன் பயாகிராஃபி என்ற இன்னொரு வாழ்க்கை வரலாற்றுத் தொகுப்பிலும் பார்க்க நினைத்தேன். அகர வரிசையே காணோமே?

அடிக்குறிப்பு: அதில் அகர வரிசை இருக்காது. முதலில் சுட்டித் தொகுதியை எடுங்கள். எண்ணிட்ட தொகுதிகள் ஒரு வரிசை, உயிரோடிருந்தவர்களுக்கான ஏ, பி, சி எழுத்துத் தொகுதிகள் இன்னொரு வரிசை. மேற்கோளில் இரண்டையும் குழப்பினால் படிப்பவர் தேடிக் களைத்துப் போவார். தகவல் பெரும்பாலும் குடும்பத்தார் கொடுத்தது, கட்டுரையில் எழுதியவர் பெயரும் இருக்காது. டி.ஏ.பி. கண்டுகொள்ளாத உள்ளூர் வணிகர்களின் பெற்றோர் பெயர், மணநாள் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம். புகழுரையைத் தொடாதீர்கள்.