புதுப்பிப்பு: ஸ்கோப் வளையங்கள் நேர்கோட்டில் வரவில்லை – தீர்ந்தது

பதில் தந்த எல்லோருக்கும் நன்றி. பிரச்சினை இதுதான்: புதிதாகச் சேர்த்த போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளில் 30 மி.மீ. ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) குழாயில் அதைப் பிடிக்கும் வளையங்களின் தடம் விழுந்தது, குறியும் நிலைக்கவில்லை.

வளையங்களைத் தேய்த்துச் சரிசெய்யும்படி பலர் சொன்னார்கள். அதற்கு முன் ரெயிலை (வளையங்கள் உட்காரும் உலோகப் பட்டை) பாருங்கள் என்ற யோசனைதான் பலித்தது. முன்பக்கத் திருகுகளை மட்டும் இறுக்கியதும் ரெயிலின் பின்முனை ரிசீவரிலிருந்து (ரெயில் திருகப்படும் துப்பாக்கியின் நடு உடல்) சுமார் 0.1 மி.மீ. தூக்கி நின்றது; ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் கருவி) தாள் தடையில்லாமல் உள்ளே போனது. நான்கையும் இறுக்கினால் ரெயில் வளையும், அதோடு வளையங்களும் சாயும்.

ரிசீவரில் மெழுகு பூசி, திருகுத் துளைகளைக் களிமண்ணால் அடைத்து, பின்பகுதிக்கு அடியில் மட்டும் எஃகுத்தூள் கலந்த எப்பாக்சிப் பசை வைத்தேன். முன்திருகுகள் இறுக்கம், பின்திருகுகள் தொட்டும் தொடாமலும். 24 மணி நேரம் அசைக்கக் கூடாது. இறுகிய பிறகு ரெயில் திருகுகளை 20 இஞ்ச்-பவுண்டு முறுக்கிலும், வளைய மூடித் திருகுகளை 18-லும் இறுக்கினேன்.

எதிர்பாராதது ஒன்று: ரெயிலின் முன்முனையில் உள்ள முதல் திருகு நீளம் கூடி, பேரல் (குழல்) மரையில் முட்டிக்கொண்டிருந்தது. கைக்கு இறுக்கமாகத் தெரியும், ரெயிலோ பிடிபடாது. நுனியில் ஒரு மரை அளவு அரைத்ததும் சரியானது. பின்திருகு நீண்டால் போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளும் உருளை) உரசும், அதையும் பாருங்கள்.

வளையங்கள் நேராக உள்ளனவா என்று பார்க்க, வளையத்துக்கு ஒன்றாக வைத்து முனைகள் சந்திக்கிறதா என்று பார்க்கும் கூர்முனைச் சோதனைத் தண்டுகளை நம்ப வேண்டாம். முனை மையம் விலகியிருந்தாலே பொய் காட்டும். நேரான ஒற்றைத் தண்டுதான் சரி. இரண்டு வளையத்திலும் அது இப்போது தடையின்றி உட்காருகிறது, தேய்க்கவே தேவைப்படவில்லை.