புதுப்பிப்பு: டுராண்ட் விஷயத்தில் என் கணக்கு தப்பிவிட்டது

என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) வீரர் கெவின் டுராண்டைச் சேர்க்க கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணிக்குச் சம்பள உச்சவரம்பில் (ஒரு அணி தன் வீரர்களுக்குத் தரும் மொத்தச் சம்பளத்துக்கான வரம்பு) இடமே இல்லை, ஓக்லஹோமா அணியிலேயேதான் இருப்பார் என்று முந்தைய பதிவில் அடித்துச் சொல்லியிருந்தேன். சரி, தோற்றுவிட்டேன். 2016 ஜூலை 4 அன்று வாரியர்ஸுக்குப் போவதாக அவரே அறிவித்துவிட்டார். இரண்டு வருடம், சுமார் 5.4 கோடி டாலர்.

எங்கே கோட்டை விட்டேன்? புதிய தொலைக்காட்சி ஒப்பந்தப் பணத்தால் உச்சவரம்பு 7 கோடியிலிருந்து ஒரேயடியாக 9.4 கோடி டாலராக எகிறியதை நான் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை. அப்புறம் வாரியர்ஸின் நட்சத்திரம் ஸ்டீஃபன் கரி. கணுக்கால் காயத்தோடு அல்லாடிய காலத்தில் கையெழுத்திட்ட 4 வருட, 4.4 கோடி ஒப்பந்தம்தான் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. எம்விபிக்கு (லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருது பெற்றவர்) இது அடிமாட்டு விலை! மிச்ச இடத்துக்கு தங்கள் வீரர் ஆண்ட்ரூ போகட்டை டல்லாஸ் அணிக்குத் தள்ளிவிட்டார்கள். இன்னொரு வீரர் ஹாரிசன் பார்ன்ஸும் அங்கேயே போனார்.

ஒரே சீசனில் 73 ஆட்டங்கள் வென்ற அணிக்கு இவரும் வேண்டுமா என்ற என் புலம்பல் மட்டும் மாறவில்லை.